பங்குனி குடிவந்த வீடு

நரிக்கொம்பைக்கு அந்த வருஷமும் பங்குனி வந்தது. ஆனால் வழக்கம்போல வானத்தில் இறங்காமல், மேட்டுத்தெருவில் மினி பஸ் ஓட்டுகிற சிவானந்தத்தின் வீட்டுக்குள் போய் இறங்கியது. மலைமேல் இருக்கிற ஊர் அது, அங்கே பங்குனி ஒரு நிலையில் நிற்காது. பல் தேய்க்கும்போது வெயில் அடிக்கும், இட்லி வேகிற நேரத்துக்குள் பனிமூட்டம் வந்து எதிர்வீட்டை அழித்துவிடும், பனி விலகுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும், மழையோடு சில நாள் ஆலங்கட்டியும் விழும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் வெயில் அடிக்கும். இத்தனையும் அந்த வருஷம் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட ஒரு தகரக் கூரை வீட்டுக்குள் நடந்தது. வெளியே ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டின் உள்ளறையில், ஒரு கட்டிலில், சிவானந்தத்தின் மனைவி மரகதம் ஏழு மாதக் கர்ப்பத்தோடு படுத்திருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை அவள் கர்ப்பமாகி இரண்டும் தங்கவில்லை. முதலாவது, சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தவளை ஆலங்கட்டி மழை வழியில் பிடித்து நனைத்த வாரத்தில் போனது. இரண்டாவது, பனியில் வாசற்படி தெரியாமல் அவள் கால் இடறிய வாரத்தில் போனது. இரண்டுமே பங்குனி. டாக்டரம்மா இரண்டு தடவையும் பொறுமையாக, மழையும் பனியும் காரணமில்லை, கர்ப்பப்பையின் வாய் பலமில்லாமல் இருக்கிறது, அடுத்த தடவை தையல் போட்டுப் படுக்க வைத்துவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்று சொன்னார். சிவானந்தம் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, வானத்தை ஒரு பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அதனால் மூன்றாவது கர்ப்பத்தில் தையல் போட்டு அவளைப் படுக்க வைத்ததும் அவன் வீட்டை அடைக்க ஆரம்பித்தான். மாசி முடிவதற்குள் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தான், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்துகளில் சாக்கைத் திணித்துத் தார் பூசினான், கதவின் அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்து ஆணி அடித்தான். பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருந்தது. மூச்சு முட்டுகிறது என்று மரகதம் ஒரு நாள் சொன்னாள். சித்திரை பிறக்கும் வரைக்கும்தான் என்றான். அவளும் அதற்குமேல் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கும் பயம் இருந்தது, அவனுடையதைவிட அமைதியான பயம். அவள் வயிற்றின்மேல் கை வைப்பதில்லை. உள்ளே இருக்கிறதோடு பேசுவதில்லை. பிள்ளைக்கென்று ஒரு முழத் துணிகூட எடுத்து வைக்கவில்லை. வரப்போகிறவர்களிடம் பேசிப் பழகிவிட்டால் அவர்கள் போகும்போது என்ன ஆகிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

பங்குனி முதல் நாள் காலையில் சிவானந்தம் குளித்துவிட்டு வந்தபோது முன்னறையில் முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றது. புகை என்று பதறிச் சமையலறைக்கு ஓடினான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, புகையில்லை. எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று சுவர் சுவராகத் தடவிப் பார்த்தான். ஒரு ஊசி போகிற இடம்கூட இல்லை. கதவைத் திறந்து விளக்குமாற்றால் பனியை வெளியே தள்ளினான். அது வாசல்வரை போய், அந்நியத் தொழுவத்தைக் கண்ட மாடு மாதிரி நின்று, திரும்பி உள்ளே வந்தது. வெளியே வானம் கஞ்சி போட்ட வேட்டிபோல வெள்ளையாக, விறைப்பாக, ஒரு அசைவுமில்லாமல் கிடந்தது. அவன் இப்படி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளறையில் தகரத்துக்குக் கீழே, எந்த வழியுமில்லாத இடத்திலிருந்து, வெயில் மஞ்சளாக இறங்கிக் கட்டிலின்மேல் விழுந்தது. சமையலறையில் மழை பெய்யத் தொடங்கியது.

“ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா?” என்று மரகதம் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவன் அடுப்பை அணைத்தான், அரிசிப் பானையை மூடினான், பிறகு சந்தையில் காய்க்காரர்கள் நட்டுவைக்கிற பெரிய குடை ஒன்றை வாங்கிவந்து கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினான். ஏங்க, வெயிலையாவது விடுங்க என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வெயில் எந்த நிமிஷம் எதுவாக மாறும் என்று அவனுக்குத் தெரியாது; குடையை எடுக்கவில்லை. அன்று முழுக்க மலைப்பாதையில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் வீட்டை நினைத்துக்கொண்டான். பாதை மட்டும் அவன் ஓட்டிய இத்தனை வருஷத்தில் பார்க்காத அளவுக்குத் தெளிவாக இருந்தது. பனியில்லை, வழுக்கலில்லை, மண்சரிவில்லை. பங்குனியில் வீட்டுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறவர். அவருடைய கொடியில் போட்ட விரிப்புகள் நாலைந்து நாளாகியும் காயவில்லை. வெயில் இல்லை, காற்றும் இல்லை, துணிகள் துவைத்த ஈரத்தோடேயே தொங்கின. சிவானந்தத்தின் கதவிடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் கசிவதை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு காலையில் வாளியோடு வந்து, உறைமோர் கேட்கிற குரலில், கொஞ்ச நேரம் உங்க வெயில்ல போட்டுக்கட்டுமா கண்ணு என்று கேட்டார். சிவானந்தம் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மரகதம் வரச் சொன்னாள். அக்கா கட்டிலிலிருந்து அலமாரிக்குக் கயிறு கட்டினார், விரிப்புகளைப் போட்டார், அவை காய்வதற்குள் அந்தத் தெருவில் நடந்தது நடக்காதது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மூன்று வாரமாகக் கணவனின் குரலையும் விளக்கின் முனகலையும் தவிர வேறெதையும் கேட்காத மரகதம், அவர் போன பிறகு வெகுநேரம் அந்த விரிப்புகள் விட்டுப்போன சோப்பு வாசனையை முகர்ந்துகொண்டு கிடந்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு மேட்டுத்தெரு வந்தது, மேட்டுத்தெருவுக்குப் பின்னால் ஊர் வந்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த சில வழக்கங்கள் உண்டாகிவிட்டன. செருப்பை வெளியே விட வேண்டும், சத்தமாகப் பேசக் கூடாது, கட்டிலை இடிக்கக் கூடாது, துணிக்காரர்கள் காலையிலும் மிளகாய்க்காரர்கள் மதியத்துக்கு மேலும் வர வேண்டும், சமையலறையில் மழை தொடங்கினால் கூப்பிட்ட குரலுக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். மாரியம்மன் கோயில் பூசாரி அம்மனின் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து நிழலும் வெயிலும் பாதிப் பாதியாக விழுகிற இடத்தில் விரித்துவிட்டுப் போனார். தபால்காரர் எந்தத் தபாலும் இல்லாமலேயே வந்து முன்னறைப் பனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்; பங்குனியில் பனியில் நடக்காவிட்டால் உடம்பு எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். எப்படி இது நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்ற எண்ணம் சிலருக்கு, கேட்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் பலருக்கு.

வருகிறவர்கள் காலில் எதைக் கொண்டுவருகிறார்களோ, யார் தும்முகிறார்களோ, எந்த வாளி மரகதத்தின்மேல் கவிழுமோ என்று சிவானந்தம் வீட்டிலிருந்த நேரமெல்லாம் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விட்டான். ஆனால் வேண்டாம் என்று ஒருவரிடமும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியது தன் வீட்டுக்குள் இருக்கிறது என்ற கூச்சம் அவனைத் தடுத்தது.

ஒரு நாள் கீழ்த்தெருவிலிருந்து நிர்மலா என்ற பெண் பிறந்து சில நாளே ஆன குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை, காலை வெயிலில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், ஊரில் வேறெங்கும் வெயில் இல்லை. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டு இழந்தவளின் கட்டிலில் இன்னொருத்தியின் பிள்ளையைக் கிடத்துவதா என்று ஸ்டெல்லா அக்காவே தயங்கினார். நிர்மலாவும் வாசலிலேயே நின்றாள். மரகதம் கட்டிலின் கால்மாட்டைக் கையால் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தையை அவிழ்த்துக் கிடத்தினார்கள். அதன் கால்கள் அவளுடைய பாதத்தில் இடித்தன. அவள் திரும்பவில்லை. வெயில் ஏறியது, குழந்தை முகத்தைச் சுளித்தது, மூக்கைச் சுருக்கியது, அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வரக்கூடாத சத்தத்தோடு ஒரு தும்மல் போட்டது. மரகதம் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகு பார்வையை எடுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் அவள் வயிற்றின்மேல் கை வைத்தாள். வைத்ததும் பேச்சும் வந்தது. பெரிய பேச்சு ஒன்றுமில்லை, அறையில் நடப்பதைச் சொன்னாள். இப்போ பனி வருது பாரு, சமையக்கட்டுக் கதவு வழியா பூனை மாதிரி வருது, அலமாரிக் கண்ணாடியில மோதிக்கிச்சு. இப்போ வெயில், என் காலைத் தாண்டி முட்டிக்கு வந்திருச்சு. இது மழை, கேக்குதா, குண்டாவுல விழுந்தா ஒரு சத்தம், தட்டுல விழுந்தா வேற சத்தம். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது, அதனால் அவள் காத்திருக்கவும் கற்றுக்கொண்டாள். முன்பு காத்திருந்தது பயத்தோடு, இப்போது ஒருவித ஆவலோடு. அடைத்த வீட்டில், எழுந்திருக்கக் கூடாத கட்டிலில், ஒரு நாளில் இவ்வளவு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. குடையை எடுக்கச் சொல்லி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை அவன் அதை மடக்கினான், ஆனால் அவிழ்க்கவில்லை.

ஊருக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. பங்குனி மழையில்தான் தேயிலை துளிர்க்கும்; அந்த வருஷம் கொழுந்து வரவில்லை. செடிகள் கரும்பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்குப் போயின. காரட் தோட்டத்து மண் மாவாக உதிர்ந்தது. ஊற்றுகள் இளைத்தன. ஒரு சமையலறைக்குள் பெய்கிற மழை ஒரு மலைக்குப் போதுமா? குடிக்கக் கொஞ்சம் கிடைத்தது, அவ்வளவுதான். சிறு தேயிலை விவசாயிகளின் தலைவர் போஜன் சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டினார். அவர் கடுமையான மனிதர் இல்லை. மூன்று தலைமுறைச் செடி கண்ணெதிரே காய்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அந்த வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டால் உள்ளே இருப்பது மேலே போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை, ஆனால் அன்று எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவர்கள் மதியத்தில் வந்தபோது சிவானந்தம் பஸ்ஸிலிருந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். அவளை நகர்த்தக் கூடாது, தையல் விட்டுப்போகும், மேலே ஒரு தகரம் அசைந்தாலும் விடமாட்டேன் என்றான்.

“அடிக்க வரல சிவானந்தம், கேட்கத்தான் வந்திருக்கோம்,” என்றார் போஜன். “நாளைக்கும் கேட்போம். அதுக்கு அடுத்த நாளும் கேட்போம். ஆனா ஒரு நாள் நான் இல்லாத நேரமா பார்த்து, கேட்காமலேயே ஏறிடுவாங்க. அதையும் சொல்லிடறேன். என் செடியும் உசுருதான்.”

சிவானந்தம் ஸ்பேனரை இறக்கவில்லை. அவர்கள் போனார்கள். அன்றிலிருந்து துணிக்காரர்களும் மிளகாய்க்காரர்களும் வருவது குறைந்தது. வந்தவர்களும் கண்ணைப் பார்க்காமல் வந்து கண்ணைப் பார்க்காமல் போனார்கள். வீட்டுக்குள் இருந்த பங்குனியும் தன் பின்பாதிக்கு வந்திருந்தது. காற்று பிறந்து காலண்டரைக் கிழித்தது, முன்னறையில் ஆலங்கட்டி விழுந்து அலமாரிக் கண்ணாடி உடைந்தது, தகரம் உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகப் புடைத்துப் புடைத்து அடங்கியது. சிவானந்தம் குடையை மறுபடி விரித்துக் கட்டினான்.

போஜன் சொன்னது நடந்தது. அவன் பஸ் ஓட்டப் போயிருந்தபோது சிலபேர் கூரைமேல் ஏறிவிட்டார்கள். மரகதத்துக்கு நேர் மேலே தகரத்தில் காலடிகள் திடுதிடுவென்று நடந்தன. அதே தகரத்துக்குக் கீழே ஆலங்கட்டி பெய்தது. மேலேயும் கீழேயும் ஒரே சத்தம். அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஆளுங்க நடக்கறாங்க என்று உள்ளே இருப்பதிடம் சொன்னாள். ஸ்டெல்லா அக்கா துவைக்கிற கட்டையோடு தெருவில் நின்று ஒவ்வொருவனையும் அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு இறக்கினார். சிவானந்தம் திரும்பி வந்து கேள்விப்பட்டதும் ஸ்பேனரோடு நேராகப் போஜனின் வீட்டை நோக்கி நடந்தான். போஜன் பாதி வழியில் எதிரே வந்துகொண்டிருந்தார்; மன்னிப்புக் கேட்கத் தானே வந்ததாகச் சொன்னார். அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் சிவானந்தம் கையை ஓங்கியபடி நிற்க, ஊர் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து, இரண்டு பேரையும் மரகதம் கூப்பிடுகிறாள் என்றார்.

அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அறையில் அப்போது பனி. மூன்று பேருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

“கூரையைப் பிரிச்சுக்குங்க,” என்றாள் மரகதம். “என்னைத் தூக்க வேண்டாம். நான் இப்படியே படுத்திருக்கேன்.”

சிவானந்தம் அவள் பேரைச் சொன்னான்.

“இந்தப் பங்குனி எனக்குப் போதும்னு சொல்லலீங்க. போதாதுதான். இது போனா அழுவேன். ஆனா ஒரு ஊரு வெயில் பூராவும் என் ஒருத்தி காலடியில அடிச்சா, மத்தவங்க என்னதான் பண்ணுவாங்க?”

மறுநாள் காலையில் சிவானந்தம் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தான். அவள் தலைக்குமேல் வேறு யாருடைய காலும் படுவதை அவனால் தாங்க முடியாது, அவனே ஏறினான். தான் பூசிய தாரைத் தானே சுரண்டி, தான் திணித்த சாக்கைத் தானே பிடுங்கி, ஒவ்வொரு தகரமாகக் கழற்றிக் கீழே கொடுக்க, போஜன் வாங்கி வாங்கிச் சுவரோரம் அடுக்கினார். ஊர் மொத்தமும் தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசித் தகரமும் வந்தது.

பங்குனி போகவில்லை.

நான்கு சுவருக்குள், பானையில் உறைந்த தயிர் மாதிரி, சுவரின் உயரத்துக்கு ஒரு விரல்கூட மேலே எழும்பாமல் மேகம் நின்றது. அதற்கு மேலே ஊரின் வெறும் வானம் விறைத்துக் கிடந்தது. போஜன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். சுவர்மேல் உட்கார்ந்திருந்த சிவானந்தம் குனிந்து பார்த்தான். மேகம் ஒரு இடத்தில் விலகி அங்கே வெயில் விழுந்தது. அவன் கட்டியிருந்த குடை காற்றில் சாய்ந்து போயிருந்தது. மனைவியை அவன் ஒருநாளும் மேலேயிருந்து பார்த்ததில்லை. அவள் வெயிலில் கையை விரித்து, விரல்களின் நிழலை வயிற்றின்மேல் நடக்கவிட்டு, உள்ளே இருப்பதிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு மாதமும் தான் காவல் காத்த பெண் இவள் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவன் காத்தது பயந்தவளை. இவளை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

கூரையை உடனே திருப்பிப் போட்டுவிடலாம் என்று போஜன்தான் முதலில் சொன்னார். ஆட்கள் தகரத்தைத் தூக்கினார்கள். அப்போது சுவருக்குள் காற்று சுழன்றது, விரிப்புக் கயிறு அறுந்தது, மரகதம் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு தம்பி என்றார். இன்னும் மாதம் நிறையவில்லை. ஆம்புலன்ஸ் அடிவாரத்திலிருந்து ஏறி வந்து மறுபடி இறங்க வேண்டும். மினி பஸ் தெருமுனையில் நின்றது.

போஜனும் கூரை ஏறிய ஆட்களும் கட்டிலோடு அவளைத் தூக்கினார்கள். கதவைத் திறந்தபோதும் போகாத, கூரையைப் பிரித்தபோதும் போகாத பங்குனி, அவள் வாசலைத் தாண்டியதும் எழுந்து, பசுவுக்குப் பின்னால் போகிற கன்று மாதிரி அவளுக்குப் பின்னாலேயே தெருவில் நடந்து பஸ்ஸுக்குள் ஏறியது.

அவளைப் பின் சீட்டில் கிடத்திவிட்டு ஸ்டெல்லா அக்காவும் போஜனும் கூடவே ஏறிக்கொண்டார்கள். பங்குனியில் பஸ்ஸின் கண்ணாடிகளை இறுக்கி ஏற்றிவைப்பது சிவானந்தத்தின் பழக்கம். முதல் வளைவுக்குள் பஸ் முழுக்கப் பனி நிறைந்துவிட்டது. பாதை வெளியே தெளிவாகத்தான் இருந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் பனி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது. கையால் துடைத்தான். துடைத்த கை எடுப்பதற்குள் மூடியது. அடுத்த வளைவில் ஸ்டியரிங்மேல் மழை கொட்டியது, கை வழுக்கியது, இடது சக்கரம் ஓரத்துக் கல்லை உரசியது. அந்தப் பக்கம் பள்ளம். அவன் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்தான். பின்னால் மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். ஸ்டெல்லா அக்கா, நிறுத்தாதே தம்பி, நிறுத்தாதே என்றார். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதைச் செய்ய அவன் கை எழவில்லை.

“ஏங்க,” என்றாள் மரகதம். “கண்ணாடியெல்லாம் திறங்க.”

“காத்தடிக்கும். நனைஞ்சிடுவே.”

“நனைஞ்சா துவட்டிக்கலாம்.”

அவன் எழுந்தான். ஒரு பக்கம் அவனும் மறு பக்கம் போஜனுமாக, முன்னாலிருந்து பின்வரை ஒவ்வொரு கண்ணாடியாக இறக்கினார்கள். பிறகு அவன் திரும்பி வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தான். பஸ் நகர்ந்ததும் பனி ஜன்னல் வழியாக வெளியே இழுபட்டு, மலைச்சரிவில் படர்ந்து, சில்வர் ஓக் மரங்களுக்கிடையே ஏறியது. அடுத்த வளைவில் மழை இறங்கிக் காரட் தோட்டங்களைப் பார்த்துப் போனது. அதற்கடுத்த வளைவில் ஆலங்கட்டி சடசடவென்று தார்ச்சாலையில் கொட்டி உருண்டது. காற்று இறங்கியது, வெயில் இறங்கியது. தோட்டத்தில் நின்றவர்கள், மூட்டை இறக்குகிற மாதிரி அந்தப் பஸ் வளைவுக்கு வளைவு பருவத்தை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்துவிட்டு, பிறகு நனைகிற வெங்காயத்தை மூட ஓடினார்கள். மரகதம் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். சிவானந்தம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதையை மட்டும் பார்த்து ஓட்டினான். அடிவாரம் வந்தபோது பஸ்ஸுக்குள் வெறும் ஈரம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். சித்திரை பிறந்தது தெரியாமல் சிவானந்தம் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றான். குழந்தை ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே சில நேரம் நிறுத்தும். நிறுத்தும்போதெல்லாம் அவனும் நிறுத்துவான். போஜன் தினமும் கீழே வந்தார். கொழுந்து வர ஆரம்பித்திருப்பதைச் சொல்லக்கூட அவர் கூசினார். ஒரு நாள் அது பாலை விழுங்கியது. பிறகு எடை ஏறியது. பிறகு அழ ஆரம்பித்தது, நர்ஸுகள் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு.

அவர்கள் ஊர் திரும்பியபோது கூரையை ஊரே போட்டு வைத்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்டெல்லா அக்கா மட்டும், உன் வீட்டு வெயில்ல காஞ்ச வெள்ளை இந்த வெயில்ல வரலை கண்ணு என்று குறைப்பட்டார். வானம் அதன் வேலையை அதன் இடத்தில் செய்துகொண்டிருந்தது.

வந்த மறுநாள் மரகதம் குழந்தையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. கொடியிலிருந்த துணியை அவள் எழுந்து எடுப்பதற்குள் தூறல் விழுந்து, வெயிலும் திரும்பி வந்து, இரண்டும் ஒன்றாகப் பெய்தன. சிவானந்தம் வேலைக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி உள்ளேயிருந்து வந்தான். அவள் துணியிலிருந்து குழந்தையின் ஒரு காலை வெளியே எடுத்து, இறவாரத்துக்கு அப்பால், மழையில் நீட்டினாள். சொட்டு விழுந்தது. குழந்தை விரல்களை விரித்தது.

சிவானந்தத்தின் கை பொத்தானிலேயே நின்றது. வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. அவன் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இன்னொரு காலையும் நீட்டு,” என்றான்.